இறால் குஞ்சுகளுக்கான நுண்ணுறைத் தீவனம்: குடலைப் பார்த்து எழுதிய மதிப்பீடு

இறால் குஞ்சு பொரிப்பகங்களில் பாசிக்கும் ஆர்டீமியா என்னும் சிறு உப்புநீர் உயிரிக்கும் துணையாகவோ மாற்றாகவோ விற்கப்படும் நுண்ணுறைத் தூள் தீவனத்தை (சத்துகளை மெல்லிய உறைக்குள் அடைத்த நுண்துகள்கள்), வன்னமெய் இறாலின் குஞ்சுகளுக்கு உண்ணத் தொடங்கும் ஸோயியா பருவம் முதல், அடுத்து வரும் மைசிஸ் பருவத்தைக் கடந்து, இறாலின் வடிவை எட்டும் பி.எல். (போஸ்ட்லார்வா) பருவம் வரை கொடுத்துப் பார்த்த அனுபவத்தில் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். தயாரிப்பாளரின் பெயரைக் குறிப்பிடவில்லை. இங்கே சொல்லப்போகும் நிறைகளிலும் குறைகளிலும் பெரும்பாலானவை ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியவை அல்ல; இந்த வகைத் தீவனம் முழுவதற்கும் பொதுவானவை. டப்பாவின் மேல் அச்சிட்டிருக்கும் புரத அளவை வைத்தோ, கடைசியில் எண்ணிப் பார்க்கும் பிழைப்பு விகிதத்தை மட்டும் வைத்தோ ஒரு குஞ்சுத் தீவனத்தை எடைபோடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. குஞ்சின் குடலுக்குள் அந்தத் தூள் என்ன ஆகிறது என்பதுதான் முதற்கேள்வி. அதற்கு ஒரு பீக்கரும் ஒரு சாதாரண நுண்ணோக்கியும் போதும்.

தீவனம் மூன்று அளவுகளில் வருகிறது. ஸோயியாவுக்கு 50 மைக்ரானுக்கும் குறைவான பொடி, மைசிஸுக்கு 50 முதல் 100 மைக்ரான் வரையிலான நொய், பி.எல். பருவத்துக்கு அதற்கும் பெரிய துகள். பொடியை விரலிடுக்கில் வைத்துத் தேய்த்தால் முகப்பவுடர் போல வழுக்க வேண்டும். நறநறவென்று தட்டுப்பட்டால் அந்த டப்பாவைத் தனியே ஒதுக்கிவைப்பது நல்லது. நாங்கள் பயன்படுத்திய ஸோயியா தூள் இந்தச் சோதனையில் தேறியது. ஆனால் ஒரு சிட்டிகையை நீரில் கரைத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, தனித்தனித் துகள்களுக்கு நடுவே நான்கைந்து துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிய கொத்துகளும் தெரிந்தன. துகள் ஒவ்வொன்றும் அளவில் சரியாக இருந்தாலும், கொத்தாகிவிட்டால் ஸோயியாவின் வாய்க்கு அது பெரிது. ஆகையால் தூளை அப்படியே தொட்டியில் தூவாமல், சுத்தமான கடல்நீரில் மிக்ஸியில் அடித்து, மெல்லிய நைலான் வலைத்துணியில் வடிகட்டிய பிறகே ஊற்ற வேண்டியிருக்கிறது. டப்பாவின் குறிப்பில் இந்த வேலை ஒரே வரியில் சொல்லப்பட்டிருந்தாலும், பயன்பாட்டின் பாதி வெற்றி இதில்தான் அடங்கியிருக்கிறது.

ஸோயியா பருவத்தை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். முட்டையிலிருந்து வெளிவரும் நாப்ளியஸ் உண்பதில்லை; உடலில் இருக்கும் மஞ்சள் கருவைக் கொண்டே, இனத்துக்கு ஏற்ப ஐந்து அல்லது ஆறு உட்பருவங்களை ஏறத்தாழ இரண்டு நாட்களுக்குள் கடந்துவிடுகிறது. அடுத்த தோலுரிப்பில் ஸோயியாவாக மாறும்போதுதான் வாய் முதன்முறையாக உணவை ஏற்கிறது. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள அந்த உயிர் இரையைத் தேடிப் போவதில்லை; நீந்திக்கொண்டே, தன் முன்னே வரும் நீரை உறுப்புகளின் நுண்மயிர்களால் வடிகட்டி, கிடைப்பதை வாய்க்குள் தள்ளிக்கொண்டே இருக்கிறது. கையிருப்பாகச் சேர்த்துவைத்திருக்கும் சத்து மிகக் குறைவு என்பதால், சில மணி நேரம் உணவு இல்லாமல் போனாலும் அதன் பாதிப்பு அடுத்த தோலுரிப்பில் வெளிப்படும். ஒரே நாளில் விட்ட குஞ்சுகளில் சில மூன்றாம் உட்பருவமான ஸோயியா 3-லும் சில இன்னும் ஸோயியா 2-லும் நிற்கும் தொட்டிகளில், காரணத்தைத் தேடிப் போனால் பெரும்பாலும் உணவின் அளவிலோ செரிமானத்திலோ போய் நிற்கிறோம்.

இந்தப் பருவத்தின் குடல், வளர்ந்த இறாலின் குடலைப் போன்றது அல்ல. உணவை அரைக்கும் இரைப்பைப் பற்கள் இன்னும் செயல்படத் தொடங்கவில்லை. இறால்களுக்கு எந்த வயதிலும் பெப்சின் என்னும் செரிமான நொதி கிடையாது. அமிலத்தில் ஊறவைத்துப் புரதத்தை உடைக்கும் வயிறும் கிடையாது. நடுநிலைக்கு அருகிலான கார அமிலத் தன்மையில் வேலை செய்யும் டிரிப்சின், கைமோடிரிப்சின் போன்ற நொதிகளே புரதச் செரிமானத்தின் பெரும்பாரத்தைச் சுமக்கின்றன. ஸோயியா உட்கொண்ட உணவு நிமிடக் கணக்கில் குடலைக் கடந்து, மெல்லிய உறை போர்த்திய நீண்ட மலநூலாக வெளியேறிவிடுகிறது. அதாவது, நிறையத் தின்று, விரைவாகக் கடத்தி, கிடைத்தவரை உறிஞ்சிக்கொள்வதே அதன் வாழ்முறை. இதை ஈடுகட்டத்தான் ஸோயியாவின் உடலில் டிரிப்சின் செயல்பாடு மிக உயர்ந்த அளவில் இருக்கிறது. ஸோயியா 3, மைசிஸ் 1 ஆகியவற்றை ஒட்டி அது உச்சத்தைத் தொட்டு, விலங்குணவுக்கு மாறும்போது குறைகிறது.

இங்கேதான் நுண்ணுறைத் தீவனத்துக்குக் கடுமையான தேர்வு காத்திருக்கிறது. உறை மிக மென்மையாக இருந்தால் உள்ளே இருக்கும் அமினோ அமிலங்களும் நீரில் கரையும் வைட்டமின்களும் குஞ்சின் வாய்க்குப் போவதற்கு முன்பே தொட்டி நீரில் கரைந்துவிடும். துகள் சிறியதாகச் சிறியதாக, எடைக்கு ஏற்ற மேற்பரப்பு பெருகுவதால் இந்தக் கசிவும் பெருகும். உறை மிக உறுதியாக இருந்தாலோ, பற்களும் அமிலமும் இல்லாத குடலில் நிமிடக் கணக்கில் அது உடையாமல், போன வடிவத்திலேயே மலநூலில் வந்துவிடும். நாங்கள் தூளை மட்டும் கொடுத்த ஒரு தொட்டியிலிருந்து ஸோயியா 1 குஞ்சுகளை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தபோது, குடல் முழுதும் நிரம்பியிருந்தது. பார்த்தவுடன் மனம் நிம்மதி அடையும் காட்சி அது. ஆனால் பின்னால் இழுபட்ட மலநூலைப் பெரிதாக்கிப் பார்த்தால், உருண்டையான துகள்கள் உருக்குலையாமல் வரிசையாக அடுக்கியிருந்தன. குடல் நிரம்பியிருப்பதும் குஞ்சு உணவைச் செரித்துக்கொள்வதும் வெவ்வேறு செய்திகள் என்பதை அந்த ஒரு தகட்டிலேயே காண முடிந்தது. பாசியை உண்ட குஞ்சின் மலநூலோ பழுப்பேறி, உள்ளிருப்பது இன்னதென்று பிரித்தறிய முடியாதபடி குழைந்திருக்கும்.

அதே தூளை, கீட்டோசெராஸ் பாசியின் அடர்த்தியைக் குறைத்து அதனோடு சேர்த்துக் கொடுத்தபோது நிலைமை தெளிவாக மாறியது. மலநூலில் முழுத்துகள்கள் குறைந்தன. குடலின் முன்பகுதியை ஒட்டிய செரிமானச் சுரப்பியில் கொழுப்புத் துளிகள் பளிச்சென்று தெரியத் தொடங்கின. பருவமாற்றம் ஓரளவு ஒரே நேரத்தில் நடந்தது. இதற்கு அறிவியல் அடிப்படை உண்டு. உயிருள்ள பாசியைச் சிறிதளவு சேர்த்தாலும் குஞ்சின் டிரிப்சின் செயல்பாடு உயர்வதும், அதன் பயனாகச் செயற்கைத் துகள்களையும் குஞ்சு கூடுதலாகச் செரித்துக்கொள்வதும் வன்னமெய் அடங்கிய பீனேயிட் குடும்பத்து இறால் குஞ்சுகளில் செய்யப்பட்ட ஆய்வுகளில் பதிவாகியிருக்கின்றன. பாசி தன் சொந்தச் சத்தை மட்டும் தருவதில்லை. குடலின் சுரப்பையும் தூண்டிவிடுகிறது. போதாக்குறைக்கு, அது தொட்டியின் அம்மோனியாவை உறிஞ்சிக்கொள்கிறது. சில பாசி இனங்கள் கேடு செய்யும் நுண்ணுயிர்களின் பெருக்கத்தையும் அடக்கிவைக்கின்றன. இத்தனை வேலையைச் செய்யும் ஒன்றைத் தூளால் முழுமையாக மாற்றிவிடலாம் என்று விளம்பரம் சொன்னால், ஸோயியாவைப் பொறுத்தவரை நான் அதை ஏற்கமாட்டேன். பாசி வளர்ப்பு திடீரென்று சரிந்துபோகும் நாட்களில் தொட்டியைக் காப்பாற்றும் துணையாகவும், பாசியின் தேவையைக் கணிசமாகக் குறைக்கும் கூட்டாளியாகவும் இந்தத் தீவனம் நன்கு பயன்படுகிறது. அந்த அளவில் இதற்கு முழு மதிப்பெண் தருவேன்.

1930-களில் ஜப்பானில் மோட்டோசாகு ஹுடினாகா குருமா இறாலின் குஞ்சுகளை முதன்முதலில் வளர்த்தெடுத்தபோது, ஸ்கெலிட்டோனீமா என்னும் டயாட்டம் பாசிதான் அந்த வெற்றிக்கு வழி திறந்தது. அன்று முதல் இன்று வரை குஞ்சுத் தீவனத் துறை எட்டிப் பிடிக்க முயல்வது அந்தப் பாசியைத்தான். இதை மனத்தில் வைத்துக்கொண்டால், தூள் தீவனம் எட்டியிருக்கும் தூரம் சிறியது அல்ல என்பதும் விளங்கும்.

மைசிஸ் பருவத்துக்கு வந்தால் மதிப்பீடு மாறுகிறது. தலைகீழாகத் தொங்கியபடி பின்னோக்கித் துள்ளும் மைசிஸ், வடிகட்டி உண்ணும் பழக்கத்தைப் படிப்படியாக விட்டு, இரையைப் பிடித்து உண்ணத் தொடங்குகிறது. வழக்கமாக இந்த இடத்தில்தான் ஆர்டீமியா நாப்ளி, அதாவது அதன் புதிதாய்ப் பொரித்த குஞ்சுகள், நுழைகிறது. ஆர்டீமியாவின் புரதம் எளிதில் கரையக்கூடியது. அதைச் செரிக்க நொதி அதிகம் தேவைப்படுவதில்லை. ஆர்டீமியா உண்ணும் குஞ்சில் டிரிப்சின் குறைந்து காணப்படுவது நோயின் அடையாளம் அல்ல என்பதையும், குடல் தனக்குக் கிடைக்கும் உணவுக்கு ஏற்பத் தன் செலவைச் சரிசெய்துகொள்கிறது என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும். நொதி அளவை மட்டும் காட்டித் தங்கள் தீவனமே உயர்ந்தது என்று வாதிடும் விற்பனைத் தாள்களைப் படிப்பவர்களுக்கு இது பயன்படும்.

ஆர்டீமியாவுக்கும் குறைகள் உண்டு. பொரித்த கையோடு கொடுத்தால் அதன் உடலில் மஞ்சள் கருவின் சத்து முழுதாக இருக்கும். ஏறத்தாழ எட்டு மணி நேரத்தில் அது அடுத்த பருவத்துக்குத் தோலுரித்து, அளவில் பெரிதாகி, வேகமாக நீந்தத் தொடங்கி, சேமிப்பையும் செலவழித்துவிடும். எவ்வளவு நல்ல ஆர்டீமியாவாக இருந்தாலும் டி.எச்.ஏ. என்னும் கொழுப்பு அமிலம் அதில் மிகக் குறைவு. அதை ஈடுகட்ட எண்ணெய்க் குழம்பில் ஊறவைத்துச் செறிவூட்ட வேண்டும். பொரிக்காத முட்டைகளும் வெற்று ஓடுகளும் தொட்டிக்குள் சென்றால் குஞ்சின் குடலை அடைப்பதோடு, அவற்றின் மேல் ஒட்டிவரும் விப்ரியோ நுண்ணுயிர்களையும் கொண்டுவந்து சேர்க்கும். எனவே மைசிஸ் 2 முதல் ஆர்டீமியாவின் ஒரு பகுதியை நுண்ணுறைத் தீவனத்தால் ஈடுசெய்தபோது எனக்குத் தயக்கம் இருக்கவில்லை. குஞ்சுகள் தூளைத் தயங்காமல் பிடித்து உண்டன. குடல் ஒரே சீராக நிரம்பி, தூளின் பழுப்பும் ஆர்டீமியாவின் ஆரஞ்சும் மாறிமாறித் தெரிந்தன. ஆர்டீமியாவை அறவே நிறுத்திய தொட்டியில் மட்டும் குஞ்சுகள் உயிரோடு இருந்தாலும் நீளத்தில் பின்தங்கின. பாதிக்குப் பாதி என்ற அளவுக்கு மேல் போகவேண்டாம் என்பதே என் பரிந்துரை.

பி.எல். பருவத்தில் இந்தத் தீவனம் தன் வேலையைக் குறையின்றிச் செய்கிறது. அரைவைப் பற்கள் செயல்படத் தொடங்கிவிடுகின்றன. செரிமானச் சுரப்பி மடல்மடலாக விரிந்துவிடுகிறது. உணவும் குடலில் அதிக நேரம் தங்குகிறது. பெரிய துகள் அடியில் படிந்தாலும் குஞ்சுகளும் அடிப்பரப்புக்கு இறங்கி வந்து உண்ணும். பி.எல். 10-ஐ, அதாவது அந்தப் பருவத்தின் பத்தாம் நாளை, தாண்டிய குஞ்சுகளில் வாலை ஒட்டிய ஆறாவது வயிற்றுக் கண்டத்தின் தசை, குடலைவிடப் பல மடங்கு தடித்திருக்க வேண்டும் என்பது குஞ்சு வாங்குவோர் பார்க்கும் தர அளவுகோல். தூளும் ஆர்டீமியாவும் கலந்து உண்ட குஞ்சுகள் அதில் நன்றாகத் தேறின, உப்புத்தன்மையைத் திடீரென்று குறைத்து வைக்கும் அழுத்தச் சோதனையையும் தாங்கின.

இனி நீரைப் பற்றி. எந்தத் தூள் தீவனத்துக்கும் உரிய பெரிய அபாயம் குஞ்சின் குடலில் இல்லை, தொட்டியின் அடியில் இருக்கிறது. உண்ணப்படாத பாசிச் செல் உயிரோடு மிதந்துகொண்டிருக்கும். உண்ணப்படாத தூள் சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கும். கரைந்து வெளியேறிய அமினோ அமிலம் முதலில் போய்ச் சேருவது நுண்ணுயிர்களுக்குத்தான். விப்ரியோ பெருகிய தொட்டியில், குடலின் உட்சுவர்ச் செல்கள் உரிந்து சிறு உருண்டைகளாகக் குடலுக்குள் உருளும் நோயையும், ஸோயியா 2-ல் குஞ்சுகள் உண்பதை நிறுத்திவிட்டு வெறுங்குடலோடு மடியும் கோளாறையும் பொரிப்பகத்தில் இருக்கும் எல்லாரும் அறிவார்கள். இவற்றுக்குத் தீவனம் ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அளவுக்கு மீறிப் போட்ட தூள் அந்த நிலைமைக்குக் கதவைத் திறந்துவிடும். காற்றூட்டத்தின் குமிழிகள் வெடித்து மறையாமல் நீரின் மேல் நுரையாகத் தங்குவதும், தொட்டியின் ஓரத்தில் வழுவழுப்பு ஏறுவதும் முதல் எச்சரிக்கைகள். அவற்றைக் கண்டபின் அடுத்த வேளையைத் தவிர்ப்பதே முறை.

ஆகையால் ஒரு நாளுக்கு உரிய தூளை இரண்டு மூன்று வேளைகளில் கொட்டிவிடாமல், மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு டன் நீருக்குச் சில கிராம் என்ற அளவில் பிரித்துக் கொடுக்க வேண்டும். டப்பாவின் அட்டவணையில் கொடுத்திருந்த அளவு எங்கள் தொட்டிகளுக்கு அதிகமாக இருந்தது. குறிப்பாகப் பாசியும் சேர்ந்த தொட்டிகளில் அந்த அட்டவணையைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றினால் மிச்சம் விழுவது நிச்சயம். ஒவ்வொரு வேளைக்கும் முன்பு இருபது குஞ்சுகளையாவது பீக்கரில் எடுத்து, எத்தனை குஞ்சுகளின் குடல் நிரம்பியிருக்கிறது, எத்தனை மலநூல் இழுத்துக்கொண்டிருக்கின்றன என்று பார்த்து அளவைக் கூட்டுவதும் குறைப்பதும், எந்த அட்டவணையையும்விட நம்பத்தகுந்தது. தூளைத் தொட்டியின் ஒரே மூலையில் ஊற்றாமல் காற்றுக்குழாய்களின் மேல் சுற்றிவர ஊற்றினால் துகள்கள் நெடுநேரம் மிதக்கும். உணவைத் தேடிப் போகாத ஸோயியாவுக்கு, மிதக்கும் துகள்தான் உணவு.

சத்துப் பட்டியலைப் பற்றியும் சில சொற்கள் சொல்ல வேண்டும். டப்பாவின் முகப்பில் பெரிய எழுத்தில் இருப்பது புரத அளவு. பெரும்பாலான குஞ்சுத் தீவனங்களில் அது 50 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். அதில் ஒன்றிரண்டு புள்ளிகள் கூடுவதால் குஞ்சு பெரிதாக வேறுபட்டு வளர்வதில்லை. நான் தேடிப் பார்ப்பது வேறு மூன்று. முதலாவது கொலஸ்ட்ரால், இறால் அதைத் தானாக உற்பத்தி செய்துகொள்ள முடியாது, தோலுரிப்பைத் தூண்டும் ஹார்மோனோ அதிலிருந்துதான் உருவாகிறது, ஆகவே சில நாட்களுக்குள் பல முறை தோலுரிக்கும் குஞ்சுக்கு அது இன்றியமையாதது. இரண்டாவது, லெசிதின் போன்ற பாஸ்போலிப்பிடுகள். அவை இல்லாத தீவனத்தில் குஞ்சுகள் பருவம் மாற முடியாமல் மடிகின்றன. மூன்றாவது, ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. ஆகிய நீள் சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள். நாங்கள் வாங்கிய டப்பாவில் மொத்தக் கொழுப்பு மட்டுமே அச்சிடப்பட்டிருந்தது. அந்தக் கொழுப்பில் இவை எவ்வளவு என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. வைட்டமின் சி சேர்த்திருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். எளிதில் சிதையாத பாஸ்பேட் வடிவிலா, சாதாரண அஸ்கார்பிக் அமிலமாகவா என்று சொல்லவில்லை. சாதாரண வடிவமாக இருந்தால் டப்பாவிலேயே ஒரு பங்கும் நீரில் இன்னொரு பங்கும் போய்விடும்.

டப்பாவின் அளவும் என் குறைகளில் ஒன்று. ஸோயியா தூள் ஒரு சுற்றுக்கு மிகக் குறைவாகவே செலவாகிறது. பெரிய டப்பாவைத் திறந்தால் அடுத்த சுற்று வருவதற்குள் ஈரம் ஏறிக் கட்டி தட்டுகிறது, அதில் உள்ள மீன் எண்ணெயும் காற்றுப் பட்டுச் சிக்கு வாடை அடிக்கத் தொடங்குகிறது. அந்த வாடை வந்த தூளைக் குஞ்சுக்குக் கொடுக்கவே கூடாது. திறந்தவுடன் ஒரு சுற்றுக்கான அளவுகளாகப் பிரித்து, காற்றுப் புகாத பைகளில் அடைத்துக் குளிரில் வைத்ததில் இந்தச் சிக்கல் தீர்ந்தது. ஆனால் அதைச் செய்ய வேண்டியவர்கள் தயாரிப்பாளர்கள். ஸோயியா தூளைச் சிறு பொட்டலங்களாகவும், துகள் அளவின் பரவலையும் நீரில் ஒரு மணி நேரத்தில் கசியும் அளவையும் முகப்பிலேயே அச்சிட்டும் தருவார்களானால், இந்தத் தீவனத்தை இன்னும் நம்பிக்கையோடு மற்றப் பொரிப்பகங்களுக்கும் பரிந்துரைப்பேன்.